வயதான காப்பகப் பூனைக்கு வீடு தேடித் தருவது எப்படி

காப்பகத்துக்குப் பூனை கேட்டு வருகிறவர்கள் நேராகக் குட்டிகள் இருக்கும் கூண்டுக்குப் போவார்கள். மூன்று மாதக் குட்டி ஒன்று விரலை நக்கினால் போதும், அன்றைக்கே அதற்கு வீடு கிடைத்துவிடும். கடைசி வரிசையில், பழைய துண்டின்மேல் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் பத்து வயதுப் பூனைக்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு பூனைக்காக அலைய நீங்கள் முன்வந்திருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்காக எழுதியது.

நான் சென்னையில் சில வருடங்களாக இதைச் செய்து வருகிறேன். முதல் பூனையிலேயே பெரிய தப்பு செய்தேன். அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் சரி.

துரைக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். வெள்ளை உடம்பு, முதுகில் சாம்பல் திட்டு. வளர்த்த பெரியவர் இறந்துபோனார், வெளிநாட்டில் இருந்து வந்த மகன் காரியம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பூனையைக் காப்பகத்தில் விட்டுப் போனார். எப்படியாவது சீக்கிரம் ஒரு வீடு கிடைக்கட்டும் என்று நான் விளம்பரத்தில் 'சாந்தமான, செல்லமான பூனை, குழந்தைகளோடு நன்றாகப் பழகும்' என்று எழுதினேன். குழந்தைகளை அது பார்த்திருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம் ஆசையாக வாங்கிப் போனது. நான்காம் நாள் பூனை திரும்பி வந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்து இழுத்த பையனைக் கடித்துவிட்டது. பையனுக்கு ஊசி, பூனைக்கு 'கடிக்கிற பூனை' என்ற பெயர், எனக்குத் தூக்கமில்லாத வாரம். தப்பு பூனையிடமும் இல்லை, அந்தக் குடும்பத்திடமும் இல்லை. எழுதியவள் நான்.

குட்டி எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக்கேற்ப வளர்ந்துவிடும். வயதான பூனை ஏற்கெனவே வளர்ந்து முடித்தது, அதற்கு ஒத்துவரும் வீடு ஒன்றிரண்டுதான் இருக்கும். அந்த வீட்டுக்காரர் படித்தவுடன் 'இது நமக்கான பூனை' என்று அடையாளம் காணும்படி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இனி வரும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

முதலில் பூனையைப் படியுங்கள்

காப்பகத்தில் பார்ப்பதை வைத்துப் பூனையின் குணத்தை முடிவு செய்யாதீர்கள். பத்து வருடம் ஒரே ஜன்னலோரத்தில் படுத்துப் பழகிய பூனையை, நாய் குரைப்பும் மருந்து வாடையும் நிறைந்த இடத்தில் கொண்டு வைத்தால் அது கல்லாகிப் போகும். சாப்பிடாது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளாது, கிட்டே போனால் சீறும். அது பயம்தான், குணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

முடிந்தால் இரண்டு வாரம் உங்கள் வீட்டிலோ, சம்மதிக்கும் நண்பர் வீட்டிலோ ஒரு தனி அறையில் வைத்துப் பாருங்கள். அதற்கு வழியில்லை என்றால் தினமும் ஒரே நேரத்தில் காப்பகத்துக்குப் போய் அதன் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். தொட வேண்டாம், கூப்பிட வேண்டாம், புத்தகம் படியுங்கள். அது உங்களைப் பார்க்கும்போது கண்ணை மெதுவாக மூடித் திறங்கள். பூனைகளுக்குள் அது 'உன்னால் எனக்குப் பயமில்லை' என்பதற்கான சாடை. துரை ஒன்பதாம் நாள் எனக்குப் பதிலுக்குக் கண்ணை மூடித் திறந்தான். பதினொன்றாம் நாள் எழுந்து வந்து என் செருப்பில் தாடையைத் தேய்த்துவிட்டுப் போனான்.

ஒரு நோட்டில் தினமும் குறித்து வையுங்கள். எந்த உணவுக்கு ஓடி வருகிறது, எங்கே தொட்டால் பிடிக்கிறது, எங்கே தொட்டால் வாலை ஆட்டிக் கோபிக்கிறது, தூக்கினால் என்ன செய்கிறது, இன்னொரு பூனையைக் கண்டால் எப்படி, மிக்ஸி சத்தத்துக்கு எப்படி, மலம் கழிக்கும் தட்டை ஒழுங்காகப் பயன்படுத்துகிறதா. முன்பு வளர்த்தவர் வீட்டார் யாராவது போனில் கிடைத்தால் அவர்களிடமும் கேளுங்கள். துரையின் பழைய வீட்டுப் பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான், காலையில் பேப்பர் விரித்தால் அதன்மேல் வந்து உட்காருவான் என்பது எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு தகவல் பின்னால் எவ்வளவு உதவியது என்பதைச் சொல்கிறேன்.

டாக்டரிடம் காட்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்

பத்து வயதுப் பூனை, மனித வயதில் ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஆளுக்குச் சமம். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை பதினைந்து வருடம் வாழ்வது சாதாரணம், இருபதைத் தொடுவதும் உண்டு. அதனால் 'இன்னும் எத்தனை நாள் இருக்கப் போகிறது' என்று கேட்பவர்களுக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில் ரத்தப் பரிசோதனையில் இருக்கிறது.

வயதான பூனைகளுக்கு அதிகம் வருவது சிறுநீரகக் கோளாறு. தண்ணீர் நிறையக் குடிக்கும், நிறைய மூத்திரம் போகும், உடம்பு இளைக்கும். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு ஏறித் தெரியும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி வேலை ஏற்கெனவே குறைந்திருக்கும் என்பதால், எஸ்டிஎம்ஏ என்ற சோதனையையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அது முன்கூட்டியே காட்டும். அடுத்தது தைராய்டு. நன்றாகச் சாப்பிட்டும் எலும்பு தெரிய இளைக்கிற பூனைக்கு டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவைப் பார்க்க வேண்டும். மூன்றாவது பல். பல் வலியோடு இருக்கும் பூனை எரிச்சலாகத்தான் இருக்கும். கெட்ட பற்களைப் பிடுங்கிய பிறகு வேறு பூனை போல மாறியவற்றைப் பார்த்திருக்கிறேன். நான்காவது மூட்டுத் தேய்மானம். பூனை நொண்டிக் காட்டாது, முன்பு ஏறிய இடத்தில் ஏறுவதை நிறுத்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பது), எஃப்இஎல்வி (பூனைக்கு ரத்தப் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது) என்ற இரண்டு வைரஸ் சோதனைகளையும் செய்துவிடுங்கள். எஃப்ஐவி இருக்கும் பூனையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. அது மனிதர்களுக்குத் தொற்றாது, மற்ற பூனைகளுக்கும் பெரும்பாலும் சண்டையில் ஏற்படும் ஆழமான கடியால்தான் பரவும். வேறு பூனை இல்லாத வீட்டில் அது பல வருடம் நன்றாக இருக்கும். கருத்தடை ஆகியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, ரேபிஸ் ஊசியும் பூனைகளுக்கான முத்தடுப்பு ஊசியும் போட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள்.

செலவுக்குப் பயந்து இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1900களின் தொடக்கத்தில் இருந்து இயங்குகிறது. தனியார் கிளினிக்கைவிட அங்கே செலவு குறைவு. காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். நாய்கள் நிறைய வரும் என்பதால் கேரியரின் மேல் ஒரு வேட்டியையோ துண்டையோ போட்டு மூடி, தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரம் எழுதுவது

படம் முதலில். கூண்டுக் கம்பிக்கு வெளியே, ஜன்னல் வெளிச்சத்தில், பூனையின் கண் உயரத்துக்கு நீங்கள் குனிந்து எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். கூடவே இருபது நொடி வீடியோ ஒன்று. அது சாப்பிடுவதும் நடப்பதும் தெரிந்தால் போதும்.

எழுத்தில் இரக்கத்தைத் தூண்டாதீர்கள். 'யாருமில்லாத அநாதை, இரக்கம் காட்டுங்கள்' என்று எழுதினால் இரக்கப்பட்டு எடுப்பார்கள். இரக்கம் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும், பூனை இன்னும் பல வருடம் இருக்கும். துரைக்கு நான் இரண்டாவது தடவை எழுதியது இப்படி:

'பெயர் துரை. வயது சுமார் 11. ஆண், கருத்தடை ஆனவன். சிறுநீரகக் கோளாறு ஆரம்ப நிலையில் இருக்கிறது. அதற்கான தனி உணவு கொடுக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. தூக்கினால் பிடிக்காது. மடியில் உட்கார மாட்டான், பக்கத்தில் வந்து உட்காருவான். நீங்கள் பேப்பர் படித்தால் பேப்பர்மேல் உட்காருவான். தட்டைத் தவிர வேறெங்கும் அசுத்தம் செய்ததில்லை. சத்தமில்லாத வீடு வேண்டும். சிறு குழந்தைகளும் நாயும் இருக்கும் வீடு வேண்டாம்.'

இப்படி எழுதினால் யாருமே கூப்பிட மாட்டார்கள் என்று காப்பகத்தில் சொன்னார்கள். மூன்று வாரத்தில் நான்கு பேர்தான் கூப்பிட்டார்கள். நாலாவதாகக் கூப்பிட்டவர் பணி ஓய்வு பெற்ற ஒரு டீச்சர்.

"ஏம்மா, மடியில உட்காரவே மாட்டானா?"

"மாட்டான்மா. பக்கத்துல உட்காருவான்."

"பரவாயில்லை. எனக்கு முட்டி வலி, மடியில கனம் தாங்காது. காலையில பேப்பர் படிக்கிறப்ப பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இருந்தா போதும்."

விளம்பரம் போக வேண்டிய இடங்களும் முக்கியம். குட்டி கேட்கும் குழுக்களில் போட்டால் 'பெர்ஷியன் இருக்கா' என்றுதான் கேட்பார்கள். கால்நடை கிளினிக் அறிவிப்புப் பலகை, அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுக்கள், நடைப்பயிற்சி நண்பர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் தம்பதியர், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் என்று தேடுங்கள். வளர்த்த பூனை இறந்து சில மாதங்கள் ஆனவர்களிடம் மெதுவாகச் சொல்லி வையுங்கள். வயதான பூனையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கூப்பிடுபவர்களிடம் கேட்க வேண்டியவை

பரிட்சை வைப்பது போலக் கேட்காதீர்கள். பேச விடுங்கள். முன்பு என்ன வளர்த்தார்கள், அதற்கு என்ன ஆயிற்று என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? பூனை திரும்பி வருவதற்கு நான் பார்த்தவரையில் முதல் காரணம் இதுதான். ஒருவர் ஆசைப்பட்டு எடுப்பார், மாமியாரோ மாமனாரோ பூனை முடி வயிற்றில் போனால் ஆகாது என்பார்கள், ஒரு வாரத்தில் போன் வரும். அதனால் வீட்டுப் பெரியவரிடமும் ஒருமுறை பேசுங்கள். கர்ப்பிணி இருக்கும் வீடு என்றால் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பற்றிய பயம் வரும். பயத்தை அலட்சியப்படுத்தாமல் விளக்குங்கள்: அந்தக் கிருமி மலத்தில் வெளிவந்து தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், எனவே தட்டைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், அதைக் கர்ப்பிணி செய்யாமல் வேறொருவர் செய்ய வேண்டும்.

வாடகை வீடா? வீட்டு ஓனரின் சம்மதத்தை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடச் சொல்லுங்கள். அபார்ட்மெண்ட் சங்கம் தடை போடுகிறது என்றால், வீட்டில் பிராணி வளர்ப்பதைச் சங்கம் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. ஆனால் சண்டை போட்டு உள்ளே நுழைந்த வீட்டில் பூனை நிம்மதியாக இருக்காது. செயலாளரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது.

சைவக் குடும்பமா? இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பூனை தயிர் சாதத்தில் வாழாது. டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும், அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். பாலும் பெரும்பாலான பெரிய பூனைகளுக்குச் செரிக்காது. மீன் சமைக்க முடியாத வீட்டில் பாக்கெட் உணவு கொடுத்தால் போதும், அதற்கு மனம் ஒப்புமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அசைவ வீடுகளில் வேறு பிரச்சினை. குழம்பு மீனைக் கழுவிக் கொடுக்கிறோம் என்பார்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை அழிக்கும், கழுவினாலும் போகாது. கருவாட்டின் உப்பு சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்கு ஆகவே ஆகாது. குழம்பில் போடுவதற்கு முன் நாலு துண்டு மீனை எடுத்து, உப்பு காரமில்லாமல் வேகவைத்து முள் நீக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எடுப்பவருக்கே எழுபது வயது என்றால் தயங்காதீர்கள். வயதான பூனைக்கு அவர்களைவிட நல்ல துணை கிடையாது. அவருக்கு முடியாமல் போனால் யார் பார்த்துக்கொள்வார் என்று ஒரு பெயர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். டீச்சர் தன் தங்கை மகனைக் கூட்டி வந்து என் முன்னால் நிறுத்தினார்.

எலி பிடிக்கத்தான் பூனை என்பவர், இன்றைக்கே வேண்டும் என்பவர், வீட்டைக் காட்ட மறுப்பவர், இந்த மூவருக்கும் மரியாதையாக இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது

பால்கனியைத்தான் முதலில் பாருங்கள். கொசுவலையைப் பூனை கிழித்துவிடும். புறாவுக்காகக் கட்டும் நைலான் வலை ஓரளவு தாங்கும், இரும்புக் கம்பி வலை இன்னும் நல்லது. வாஷிங் மெஷின் ஒயர் போகும் சந்து, பாத்ரூம் வென்டிலேட்டர், சமையலறை எக்ஸாஸ்ட் ஓட்டை இவற்றையும் பாருங்கள். புதுப் பூனை ஓடிப்போவது பெரும்பாலும் இந்த மாதிரி வழிகளில்தான். தரை துடைக்க பினாயில் வேண்டாம் என்று சொல்லுங்கள், பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லும் என்பதையும் தவறாமல் சொல்லுங்கள். காய்ச்சல் என்று நல்ல மனதோடு அரை மாத்திரை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

மலத்தட்டின் விளிம்பு உயரம் குறைவாக இருக்க வேண்டும், மூட்டு வலி உள்ள பூனை உயரத்தைத் தாண்டி ஏறாது. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் ஒரு முக்காலியைப் படியாகப் போட்டால் போதும்.

அனுப்பும் நாளும் அதற்குப் பிறகும்

தீபாவளிக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் பூனையை அனுப்பாதீர்கள். வீட்டில் கல்யாணம், வெள்ளையடிப்பு, விருந்தாளிகள் இருந்தாலும் தள்ளிப் போடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்கள். கிளம்பும் முன் குளிப்பாட்ட வேண்டாம். அதன் வாசனை ஏறிய பழைய துண்டு, பழகிய உணவு இரண்டு வாரத்துக்கு, பழைய மலத்தட்டிலிருந்து ஒரு கரண்டி லிட்டர் மணல், மருத்துவ அட்டை, உங்கள் நோட்டின் நகல் எல்லாம் கூடவே போகட்டும்.

முதலில் ஒரே ஒரு அறை. அதில் ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, ஒரு மூலையில் தட்டு, எதிர் மூலையில் உணவும் தண்ணீரும். பூனை பீரோவுக்குப் பின்னால் போய்விட்டால் இழுக்கக் கூடாது என்று நூறு தடவை சொல்லுங்கள். மூன்று நாள் பயம், மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதத்தில் தன் வீடு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். வயதான பூனைக்கு இதைவிட அதிகமும் ஆகலாம்.

ஒன்றில் மட்டும் பொறுமை கூடாது. முழுதாக ஒரு நாள் சாப்பிடவில்லை என்றால் உங்களைக் கூப்பிட வேண்டும், இரண்டாம் நாளும் இல்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கியும் மூத்திரம் வரவில்லை என்றால் ராத்திரி என்றும் பார்க்காமல் உடனே போக வேண்டும்.

இவற்றை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு வாருங்கள். கூடவே ஒரு பக்க ஒப்பந்தம்: முடியாமல் போனால் பூனையைத் தெருவில் விடக்கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது, நமக்குத்தான் திருப்பித் தர வேண்டும். பட்டினியாலோ தாகத்தாலோ தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சென்னையில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் முன்னின்று வலியுறுத்தி வந்த சட்டம் அது. ஆனால் சட்டத்தைக் காட்டி மிரட்டாதீர்கள். 'எந்த நேரத்திலும் திருப்பிக் கொடுக்கலாம், உங்களைத் தப்பாக நினைக்க மாட்டேன்' என்று சொன்னால்தான் சிக்கல் வரும்போது மறைக்காமல் கூப்பிடுவார்கள்.

மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று நீங்களே கூப்பிடுங்கள். 'எப்படி இருக்கிறது' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். எத்தனை வேளை சாப்பிட்டது, மலத்தட்டில் மூத்திரம் பட்டு இறுகிய மணல் உருண்டைகள் எத்தனை இருந்தன, எங்கே தூங்குகிறது என்று கேளுங்கள்.

துரை முதல் ஆறு நாள் தையல் மெஷினுக்குக் கீழேயே இருந்தான். டீச்சர் அவனைக் கூப்பிடவே இல்லை. தினமும் காலை ஆறரைக்கு அந்த அறையில் தரையில் பேப்பரை விரித்துவிட்டு, பக்கத்தில் மோடா போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஏழாம் நாள் எனக்கு ஒரு படம் வந்தது. ராசிபலன் பக்கத்தின்மேல் இரண்டு வெள்ளைக் காதுகள். இன்றுவரை மடியில் ஏறியதில்லையாம்.

யாருமே வராவிட்டால்

அதுவும் நடக்கும். ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். நோய் முற்றிய பூனைக்கு வீடு கிடைக்காமலே போகலாம். அப்போது மூன்று பேரைச் சேர்த்து ஒருவர் இடம், ஒருவர் உணவுச் செலவு, ஒருவர் மருத்துவச் செலவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். முழுப் பொறுப்புக்குத் தயங்குபவர்கள் பங்குப் பொறுப்புக்கு வருவார்கள். காப்பகத்திலேயே இருக்க வேண்டி வந்தால் நாய்ச் சத்தம் எட்டாத மூலையையும், உயரத்தில் ஒரு பலகையையும் கேட்டு வாங்கித் தாருங்கள். அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருவதை மட்டும் நிறுத்த வேண்டாம். மாதம் ஒருமுறை எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள், புதுப் படம் எடுத்து விளம்பரத்தில் மாற்றுங்கள். அடுத்த மாதம் கூப்பிடுகிறவர் பார்ப்பது, பூனை இன்றைக்கு இருக்கிறபடியான படமாக இருக்க வேண்டும்.